ஆடும்வரைதான் ஆட்டம்: டேட்டன் நடனக் குழு காத்துவரும் கறுப்பின மேடை மரபு

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தின் தென்மேற்கில், கிரேட் மயாமி ஆற்றங்கரையில் அமைந்த டேட்டன், விமானத்தை உருவாக்கிய ரைட் சகோதரர்களின் ஊர் என்ற அளவில் பலருக்கும் தெரிந்திருக்கும். அதே ஊரில் 1968ஆம் ஆண்டு தொடங்கப்பட்டு இன்றுவரை இயங்கிவரும் டேட்டன் கன்டெம்பரரி டான்ஸ் கம்பெனி என்ற நவீன நடனக் குழு, ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வாழ்க்கையிலிருந்து பிறந்த மேடை நடனங்களைத் தேடிச் சென்று கேட்டுப் பெற்று, படைத்தவர்களிடமிருந்தே கற்று, தலைமுறை மாறியும் விடாமல் ஆடிவருகிறது. நியூயார்க்கில் பிறந்து, ஆடப்பட்டு, அங்கேயே கைவிடப்படும் நிலைக்கு வந்த படைப்புகள் சில இன்றும் மேடையில் காணக்கிடைக்கின்றன என்றால், அதில் இந்தத் தொழில் நகரத்துக் குழுவுக்குப் பெரும் பங்குண்டு.

இந்தப் பணியின் அருமையை உணர, நடனம் என்ற கலை எவ்வளவு எளிதில் அழியக்கூடியது என்பதை முதலில் கருத வேண்டும். நாடகத்துக்குப் பிரதி இருக்கிறது, இசைக்குச் சுரக்குறிப்பு இருக்கிறது; மேடை நடனத்துக்கோ எல்லோரும் எடுத்துப் படிக்கக்கூடிய எழுத்து வடிவம் இன்றும் பரவலாக நிலைபெறவில்லை. ஹங்கேரியில் பிறந்த ருடால்ஃப் லாபன் 1928இல் வெளியிட்ட குறியீட்டு முறை, உடலின் எந்த உறுப்பு எந்தத் திசையில், எந்த மட்டத்தில், எவ்வளவு நேரம் அசைகிறது என்பதைத் தாளில் பதிய வல்லது என்றாலும், அதை எழுதவும் வாசிக்கவும் பயின்றவர்கள் மிகச் சிலரே. ஒளிப்பதிவு அசைவின் வெளித்தோற்றத்தைத் தரும். மூச்சு எந்த இடத்தில் இழுக்கப்படுகிறது, உடலின் எடை எப்போது தரைக்கு ஒப்படைக்கப்படுகிறது, ஒரு கை உயரும்போது அதில் இருப்பது மன்றாட்டா சினமா என்பதை, அந்த நடனத்தை ஆடியவர் பக்கத்தில் நின்று சொல்லித்தந்தால்தான் கற்க முடியும். ஆகவே ஒரு நடனம் ஒரு தலைமுறை ஆடப்படாமல் போனால், அதைச் சொல்லித்தருபவரும் இல்லாமல் போய்விடுகிறார். கறுப்பின நடன அமைப்பாளர்கள் 1940களிலும் 1950களிலும் படைத்தவை இந்த ஆபத்துக்கு மற்றவற்றைவிட அதிகமாக உள்ளாயின. நிலையான அரங்கமோ தொடர்ந்த நிதியோ அவர்களுக்கு வாய்க்கவில்லை. கிடைத்த மேடையில் ஒரு சில முறை ஆடிவிட்டுக் குழு கலைந்ததும், பல படைப்புகள் ஆடியவர்களின் நினைவில் மட்டுமே எஞ்சின.

டேட்டன் குழு பிறந்த சூழலை அந்நகரின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் அடிமைமுறை ஒழிந்த பிறகும் நீடித்த நிறவெறிச் சட்டங்களிலிருந்தும், பருத்திக் காட்டுக் கடன் வாழ்விலிருந்தும் தப்பி, ஏறத்தாழ 1910 முதல் 1970 வரை சுமார் 60 லட்சம் கறுப்பின மக்கள் வடக்கு, மேற்கு மாநிலங்களின் தொழில் நகரங்களுக்குக் குடிபெயர்ந்தார்கள். பெருங்குடிபெயர்வு என்று வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடும் இந்த இயக்கம், பணப்பதிவு இயந்திரங்களும் மோட்டார் வாகன உதிரிபாகங்களும் குளிர்பதனப் பெட்டிகளும் செய்த டேட்டன் நகருக்கும் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்தது. அதற்கு முன்பே அங்கு ஒரு கறுப்பினச் சமூகம் வேரூன்றியிருந்தது. கென்டக்கியில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்கு 1872இல் டேட்டனில் பிறந்த பால் லாரன்ஸ் டன்பர், நாடு முழுதும் புகழ்பெற்ற முதல் கறுப்பினக் கவிஞர்களில் ஒருவர். அவர் பள்ளிப் பருவத்தில் நடத்திய சிறு செய்தித்தாளை 1890இல் அச்சிட்டுத் தந்தவர்கள், அப்போது அச்சகம் வைத்திருந்த ரைட் சகோதரர்கள். ஆயினும் வந்தவர்கள் பெரும்பாலும் ஆற்றுக்கு மேற்கே உள்ள பகுதியிலேயே குடியிருக்க நேர்ந்தது. தென்மாநிலங்களைப் போலச் சட்டப் புத்தகத்தில் எழுதிவைக்காவிட்டாலும், வீடு, பள்ளி, பொழுதுபோக்கு எல்லாவற்றிலும் இனப்பிரிவினை நடைமுறையாக இருந்தது. நகரப் பள்ளிகளின் பிரிவினை குறித்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1979இல்தான் முடிவுக்கு வந்தது.

நடனப் பள்ளிகளிலும் இதே நிலைதான். பாலே என்பது வெள்ளையர் உடலுக்கே உரிய கலை என்ற எண்ணம் அமெரிக்கா முழுதும் வேரோடியிருந்ததால், கறுப்பினச் சிறுமிகளைச் சேர்த்துக்கொள்ளும் பாலே பள்ளிகள் அரிதாகவே இருந்தன. டேட்டனில் 1937இல் பாலே குழுவொன்றைத் தொடங்கிய ஜோசஃபின் ஷ்வார்ஸ், ஹெர்மீன் ஷ்வார்ஸ் என்ற சகோதரிகளை மேற்குப் பகுதித் தாய்மார்கள் அணுகித் தங்கள் பிள்ளைகளுக்கும் கற்றுத்தரும்படி கேட்டார்கள். சகோதரிகள் அந்த வேண்டுகோளை ஏற்று, லிண்டன் சென்டர் என்ற சமூகக் கூடத்தில் வகுப்பெடுத்தார்கள். அந்த வகுப்பில் சேர்ந்த பிள்ளைகளில் ஒருவர் 1940இல் பிறந்த ஜெரால்டின் பிளண்டன். மேல்பயிற்சிக்காக அவர் வெளியூர் சென்று நவீன நடனத்தின் பெரிய ஆசிரியர்களிடம் கற்றாலும், ஊர் திரும்பித் தம் இருபதாவது வயதை ஒட்டிய காலத்திலேயே லிண்டன் சென்டரின் நடன வகுப்புகளைப் பொறுப்பேற்றார். அன்று அந்தத் தாய்மார்கள் கேட்காமல் இருந்திருந்தால், பிறகு நடந்த எதுவும் நடந்திருக்காது. கலை வரலாற்று நூல்கள் இத்தகைய பெயரற்றவர்களுக்கு உரிய இடத்தைத் தருவதில்லை.

1966 செப்டம்பரில், மேற்கு டேட்டனில் தம் வீட்டுக்கு வெளியே நின்றிருந்த கறுப்பினத்தவர் ஒருவர் ஓடும் காரிலிருந்து சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து கலவரம் வெடித்து, தேசியக் காவற்படை வரவழைக்கப்பட்டது. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து, மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட 1968இல் பிளண்டன் தம் மாணவர்களைக் கொண்டு குழுவைத் தொடங்கினார். அவர் வைத்துக்கொண்ட நோக்கம் எளிமையானது: நன்கு பயிற்சி பெற்ற கறுப்பின இளைஞர்களுக்கு ஆட மேடை வேண்டும், அந்த மேடை அவர்கள் ஊரிலேயே இருக்க வேண்டும். அடுத்த சில ஆண்டுகளிலேயே இக்குழு வடகிழக்கு வட்டார பாலே சங்கத்தில் இடம்பெற்ற முதல் கறுப்பினக் குழுவாயிற்று.

பிளண்டனின் தனித்தன்மை அவர் எடுத்த ஒரு முடிவில் இருக்கிறது. அமெரிக்க நவீன நடனக் குழுக்கள் பெரும்பாலும் ஒரே ஒரு படைப்பாளியின் பெயரில், அவருடைய நடனங்களை மட்டுமே ஆடுவதற்காக உருவாகுபவை. நிறுவனர் மறைந்தால் குழுவும் தள்ளாடும். பல படைப்பாளிகளின் நடனங்களை வாங்கி ஆடும் குழுவை ரெபர்டரி குழு என்பார்கள். 1958இல் நியூயார்க்கில் தொடங்கிய ஆல்வின் எய்லியின் குழு அவ்வாறு பிறர் படைப்புகளுக்கும் இடம் தந்து உலகப் புகழ் பெற்றது என்றாலும், அதன் மையத்தில் எய்லியின் சொந்தப் படைப்புகள் இருந்தன. பிளண்டனோ தம்மை முதன்மையாக ஆசிரியர் என்றே கருதி, பிற பெரும் படைப்பாளிகளை டேட்டனுக்கு அழைத்து வந்தார். தன் பெயரை முன்னிறுத்தாத இந்தப் பெருந்தன்மைதான் குழுவின் தொகுப்பை விரிவாக்கியது என்று துணிந்து சொல்லலாம்.

அவர் அழைத்த படைப்பாளிகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட மரபு இருக்கிறது. சிகாகோவில் மானுடவியல் படித்து, 1935-36இல் கரீபியத் தீவுகளில், குறிப்பாக ஹெய்ட்டியில், சடங்கு நடனங்களை ஆராய்ந்த கேத்தரின் டன்ஹாம், அந்த அசைவுகளை பாலேவோடும் நவீன நடனத்தோடும் இணைத்துத் தமக்கென ஒரு பயிற்சி முறையை வகுத்தார். டிரினிடாட்டில் பிறந்த பெர்ல் ப்ரைமஸ், தென்மாநிலங்களில் கறுப்பினத்தவர்கள் மரத்தில் தூக்கிலிடப்பட்ட கொடுமையைத் தனி நடனமாக்கினார். மேற்குக் கரையில் லெஸ்டர் ஹார்ட்டன் என்ற வெள்ளையர், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் எல்லா இனத்தவரும் சேர்ந்து கற்கும் பள்ளியை நடத்தினார். இடுப்பிலிருந்து முன்னால் வளைந்து முதுகை மேசைப் பலகைபோலச் சமமாக நிறுத்துவது, பக்கவாட்டில் சாய்ந்து ஒற்றைக் காலில் நிற்பது போன்ற கடினமான நிலைகள் அவருடைய முறையின் அடையாளம். அந்த முறையை நன்கறிந்த ஜேம்ஸ் ட்ரூயிட், பிற்காலத்தில் டேட்டனிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சின்சினாட்டியில் பேராசிரியராக அமர்ந்தது பிளண்டனின் குழுவுக்கு வாய்த்த நற்பேறு. ஹார்ட்டன் 1948இல் படைத்த, கணவனின் சந்தேகத்துக்குப் பலியாகும் மனைவியைப் பற்றிய ‘தி பிலவட்’ என்ற இருவர் நடனம் இப்படித்தான் டேட்டன் குழுவுக்கு வந்தது.

தொகுப்பில் உள்ளவற்றில் சிலவற்றையேனும் விரிவாகச் சொல்லாமல் இந்தக் குழுவின் பெருமையை விளக்க இயலாது. முதலாவது, டேலி பீட்டி 1947இல் படைத்த ‘மோர்னர்ஸ் பெஞ்ச்’. பீட்டி சிகாகோவில் டன்ஹாமின் முதல் குழுவில் ஆடிப் பயின்றவர். கறுப்பினத்தவரின் தேவாலயங்களில் மனந்திரும்பி இறைவனை நாடுவோர் அமர்வதற்காக முன்வரிசையில் போடப்படும் நீண்ட பலகையைத்தான் தலைப்பு சுட்டுகிறது. நடனத்தின் பின்னணி, உள்நாட்டுப் போர் முடிந்த 1865 முதல் 1877 வரையிலான மறுசீரமைப்புக் காலம். விடுதலை பெற்ற அடிமைகளும் ஏழை வெள்ளையர்களும் சேர்ந்து நிலம் உழுது வாழத் தொடங்கிய ஊரொன்றை, கூ கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை நிறவெறி அமைப்பு அழித்தொழித்த கதையை ஹோவர்ட் ஃபாஸ்ட் எழுதிய ‘ஃப்ரீடம் ரோட்’ நாவலில் படித்து, அந்தத் தூண்டலில் பீட்டி ‘சதர்ன் லேண்ட்ஸ்கேப்’ என்ற நடனத் தொடரை அமைத்தார். அதன் ஒரு பகுதியே இது. படுகொலை முடிந்த இரவில் உற்றாரின் உடல்களைத் தேடி எடுத்துவிட்டு வரும் ஒரு மனிதன், அந்தக் குறுகிய பலகையின் மீதே தன் துயரத்தை ஆடுகிறான். பக்திப் பாடல் ஒன்று மட்டுமே துணை. பலகையின் விளிம்பில் உடலைக் கிடைமட்டமாக நிறுத்தி, கீழே விழாமல் தாங்கி, மீண்டும் அதன்மீதே சரியும் அசைவுகளுக்கு அசாதாரணமான வலிமை வேண்டும். அந்த வலிமை சாகசமாக வெளித்தெரியாமல், துயரத்தை அடக்கிவைக்கும் முயற்சியாகத் தெரிய வேண்டும் என்பதுதான் அதை ஆடுவதில் உள்ள பெரிய சோதனை. மிகச் சில நிமிடங்களில் ஒரு சமூகத்தின் இழப்பு முழுவதையும் ஒரே உடலில் ஏற்றிக் காட்டிய நடனம் இருபதாம் நூற்றாண்டில் வேறொன்று இருப்பதாகச் சொல்வது கடினம்.

இரண்டாவது, டொனால்ட் மெக்கேல் 1959இல் படைத்த ‘ரெயின்போ ரவுண்ட் மை ஷோல்டர்’. அடிமைமுறை சட்டப்படி ஒழிந்த பின், தென்மாநிலங்கள் அற்பக் குற்றங்களுக்காகவும் கறுப்பினத்தவர்களைச் சிறைப்பிடித்து, கால்களைச் சங்கிலியால் பிணைத்து, கல் உடைக்கவும் சாலை போடவும் அனுப்பின. அந்தக் கைதிகள் சம்மட்டியின் தாளத்துக்குச் சேர்ந்து பாடிய உழைப்புப் பாடல்களே இந்த நடனத்துக்கு இசை. ஏழு ஆண்கள் கைகளைக் கோத்து, ஒருவர் அசைந்தால் அனைவரும் அசைந்தாக வேண்டிய நெருக்கத்தில் மேடையைக் கடக்கிறார்கள். சங்கிலி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அதன் இழுப்பு ஒவ்வொரு முதுகிலும் தெரியும். அவர்களின் கனவில் வரும் ஒரே பெண் காதலியாகவும் தாயாகவும் மனைவியாகவும் மாறுகிறாள். தப்பியோட முயல்பவர்களைத் துப்பாக்கிக் குண்டு வீழ்த்துகிறது. மெக்கேல் பின்னர் 1973இல் ‘ரெய்சின்’ நாடகத்தின் மூலம் பிராட்வே இசைநாடகமொன்றை இயக்கவும் அதன் நடனத்தை அமைக்கவும் செய்த முதல் கறுப்பினத்தவர் ஆனார் என்றாலும், அவருடைய பெயரை நிலைநிறுத்துவது இந்தச் சங்கிலிக் கைதிகளின் நடனம்தான். இதனை மீண்டும் மேடையேற்றியதற்காக, நியூயார்க் நடன உலகின் மதிப்புமிக்க ‘பெஸ்ஸி’ விருது 2016இல் டேட்டன் குழுவுக்கு வழங்கப்பட்டது. நியூயார்க்கில் பிறந்த நடனத்தை நியூயார்க்குக்கே ஒஹாயோவிலிருந்து கொண்டுவந்து காட்ட வேண்டியிருந்தது என்பது சிந்திக்கத்தக்கது.

மூன்றாவது படைப்பு டேட்டனுக்கென்றே பிறந்தது. தென் கரோலினாவைச் சேர்ந்த யுலிசிஸ் டவ், மெர்ஸ் கன்னிங்ஹாம், எய்லி ஆகியோரின் குழுக்களில் ஆடியவர். 1986இல் இக்குழுவின் பெண் கலைஞர்களுக்காக ‘வெஸ்பர்ஸ்’ என்ற நடனத்தை அமைத்தார். வெஸ்பர்ஸ் என்பது கிறிஸ்தவ மரபில் மாலை வழிபாட்டின் பெயர். தம் பாட்டியும் அவருடைய தோழியரும் சிறு மரக்கட்டடத்தில் கூடி வழிபட்டதைச் சிறுவனாக இருந்தபோது பார்த்த நினைவிலிருந்து பிறந்த இந்த நடனத்தில், கறுப்பு உடையணிந்த ஆறு பெண்கள் மர நாற்காலிகளில் அமர்ந்தும் பாய்ந்தெழுந்தும் மோதி விழுந்தும், மைக்கேல் ரவுஸ் அமைத்த தாள இசையின் விசைக்கு ஈடுகொடுக்கிறார்கள். முந்தைய தலைமுறை கதை சொன்ன இடத்தில் டவ் ஆற்றலை மட்டும் எஞ்சவிட்டார். அடுத்த ஆண்டே எய்லியின் குழு இதனை எடுத்து ஆடத் தொடங்கியது. டவ் 1996இல், ஐம்பது வயதைத் தொடுமுன், எய்ட்ஸ் நோயால் மறைந்தார். அந்த நோய் அமெரிக்க நடன உலகின் ஒரு தலைமுறையையே கொண்டுபோன காலத்தில், ஆடத் தெரிந்தவர்களின் நினைவுக்கு மதிப்பு பன்மடங்காகக் கூடியது. கொலம்பியாவில் பிறந்து ஹார்லெமில் வளர்ந்த எலியோ பொமாரே, ஸ்பானிய நாடகாசிரியர் லோர்காவின் நாடகத்தைத் தழுவி 1967இல் அமைத்த ‘லாஸ் தெசெனமொராதாஸ்’ என்ற நடனமும் இந்தக் குழுவின் தொகுப்பில் உள்ளது.

பிளண்டன் தனித்து நிற்கவில்லை. பிலடெல்ஃபியாவில் ஜோன் மையர்ஸ் பிரவுன், டென்வரில் கிளியோ பார்க்கர் ராபின்சன், டல்லஸில் ஆன் வில்லியம்ஸ், லாஸ் ஏஞ்சலஸில் லூலா வாஷிங்டன் என்று நியூயார்க்குக்கு வெளியே நடனக் குழுக்களை நடத்திய கறுப்பினப் பெண்கள் நால்வர், ஏறத்தாழ அவரைப் போலவே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கான பள்ளியிலிருந்து குழுவை வளர்த்தவர்கள். பிரவுன் 1988இல் பிலடெல்ஃபியாவில் கூட்டிய மாநாட்டிலிருந்து, இந்த ஐவரையும் நிறுவனர்களாகக் கொண்ட பன்னாட்டுக் கறுப்பின நடனச் சங்கம் உருவாயிற்று. நிதி இல்லாமை, விமர்சகர்களின் பாராமுகம், பயிற்சி பெற்றவர்களைப் பெருநகரங்கள் இழுத்துக்கொள்வது ஆகிய பொதுச் சிக்கல்களை ஒன்றுசேர்ந்து எதிர்கொள்ளும் வழி இவ்வாறு பிறந்தது. விண்ணப்பம் கேட்காமலும் நிபந்தனை விதிக்காமலும் வழங்கப்படும் மக்கார்தர் நல்கை 1994இல் பிளண்டனுக்குக் கிடைத்தது.

பெருநகரங்களின் இழுப்பு டேட்டனுக்கு இழப்பாகவும் பெருமையாகவும் இருந்தது. பிளண்டனிடம் பயின்ற டோனா வுட் 1970களில் எய்லியின் குழுவில் முதன்மைக் கலைஞராகத் திகழ்ந்தார். கறுப்பினத் தாய்மாருக்குக் காணிக்கையாக எய்லி அமைத்த ‘க்ரை’ என்ற தனி நடனத்தை அதை முதலில் ஆடிய ஜூடித் ஜேமிசனுக்குப் பின் ஆடியவர்களில் அவர் குறிப்பிடத்தக்கவர். டேட்டனில் வளர்ந்து பதினேழு வயதில்தான் ஆடத் தொடங்கிய டுவைட் ரோடன், இந்தக் குழுவில் ஆடியபின் நியூயார்க் சென்று, 1994இல் டெஸ்மண்ட் ரிச்சர்ட்சனுடன் சேர்ந்து காம்ப்ளெக்ஷன்ஸ் என்ற குழுவை நிறுவினார்.

பிளண்டன் 1999இல் மறைந்தபோது, நிறுவனர் இல்லாத குழு நிலைக்குமா என்ற கேள்வி இயல்பாகவே எழுந்தது. அவருடன் பணியாற்றிய கெவின் வார்ட் கலை இயக்குநரானார்; 2007இல் அப்பொறுப்பு, சிறுவயதிலிருந்தே இந்தக் குழுவோடு வளர்ந்த மகள் டெபி பிளண்டன் டிக்ஸிடம் வந்தது. அவர் பொறுப்பேற்ற காலம் ஊருக்கே சோதனைக் காலம். 1960இல் சுமார் 2,62,000 ஆக இருந்த டேட்டனின் மக்கள்தொகை, 2020 கணக்கெடுப்பில் சுமார் 1,37,000 ஆகக் குறைந்துவிட்டது. புறநகர் மொரெய்னில் இருந்த ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை 2008 இறுதியில் மூடப்பட்டது. 1884 முதல் டேட்டனில் இருந்த, பணப்பதிவு இயந்திரங்கள் செய்த என்.சி.ஆர். நிறுவனம் 2009இல் ஜார்ஜியாவுக்குத் தலைமையகத்தை மாற்றுவதாக அறிவித்தது. கலைக்கு நன்கொடை தந்த நிறுவனங்களும், மகளை நடன வகுப்புக்கு அனுப்பச் சம்பளம் பெற்ற தொழிலாளர்களும் ஒருசேரக் குறைந்த ஊரில், முழுநேரக் கலைஞர்களைக் கொண்ட ஒரு குழுவை நடத்துவது எவ்வளவு பெரிய பொறுப்பு என்பதைக் கணக்குப் பார்க்கத் தெரிந்த எவரும் உணர்வார்.

பழையதைக் காப்பது மட்டுமே குழுவின் வேலையாகவும் இல்லை. 1999இல் மெக்கேலும் இளைய தலைமுறையின் ரொனால்ட் கே. பிரவுனும் சேர்ந்து ‘சில்ட்ரன் ஆஃப் தி பேசேஜ்’ என்ற நடனத்தை இக்குழுவுக்காக அமைத்தார்கள். நியூ ஆர்லியன்ஸ் நகரின் பித்தளை வாத்தியக் குழுவின் இசையில், வாழ்வைத் தொலைத்தவர்கள் முன்னோரின் வழிகாட்டலில் மீள்வதை அது சொல்கிறது. பெருங்குடிபெயர்வை 60 ஓவியங்களில் வரைந்த ஜேக்கப் லாரன்ஸின் கலையைக் கொண்டும் பல அமைப்பாளர்களின் புதிய நடனங்களை இக்குழு மேடையேற்றியது. குடிபெயர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்த ஓவியங்களை ஆடும்போது, பாட்டன் பாட்டியின் ரயில் பயணம் அவர்களுக்கு ஏட்டுச் செய்தியாக இருப்பதில்லை.

அமெரிக்க நவீன நடன வரலாற்றை எழுதும் நூல்கள் பெரும்பாலும் நியூயார்க்கின் மன்ஹாட்டனில் தொடங்கி மன்ஹாட்டனிலேயே முடிகின்றன. படைப்புகள் எங்கே முதலில் அரங்கேறின என்று மட்டும் பார்த்தால் அது பொருந்தலாம். அவற்றைப் பிறகு யார் ஆடினார்கள், யார் அடுத்தவருக்குக் கற்றுத்தந்தார்கள் என்றும் கேட்டால், டேட்டனின் மேற்குப் பகுதியை விட்டுவிட்டு எழுதப்படும் எந்த வரலாறும் குறைபட்டதாகவே இருக்கும்.